மலைமேல் ஆறு பேர்

முதல் கை எப்சியுடையது.

ஞாயிறு பள்ளியில் என் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அதே எப்சி. மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, வசதியாகக் கையைத் தூக்கினாள்.

அடுத்தது அவள் புருஷன். அப்புறம் பாடகர் குழு வரிசை மொத்தமும்.

தாம்பரத்தில் எங்கள் சபைக்குப் பின்பக்கம் இருக்கிற ஹால். குடும்ப ஐக்கியக் கூட்டம். வெளியே பிரியாணி தம்மில் இருந்தது. அது இறங்குவதற்குள் உலகம் அழிந்து, மிச்சம் இருப்பவர்களில் யார் பிழைப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

விளையாட்டை நடத்தியவன் ஜோனத்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை, எங்கள் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர். போர்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். கடல் ஏறிவிட்டது. சென்னையே இல்லை. திருநீர்மலை உச்சி மட்டும்தான் மிச்சம். அங்கே பத்துப் பேர் இருக்கிறார்கள், ஆறு பேருக்குத்தான் சாப்பாடு. நாலு பேரைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

"பெருமாள் கோயில்ல நமக்கு எடம் குடுப்பாங்களா தம்பி?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். புத்தி கெட்டுப்போய் நானும் சிரித்தேன்.

பிறகு அந்தப் பத்துப் பேரையும் எழுத ஆரம்பித்தான். டாக்டர். விவசாயி. கர்ப்பிணி. போதகர். ஜெயிலுக்குப் போய் வந்தவன். எழுபது வயதுப் பெரியவர். இன்னும் யார் யாரோ. கடைசியாக, 'மனவளர்ச்சி இல்லாத பெண், வயது 22'.

என் ஜென்சிக்குப் போன மாதம்தான் இருபத்திரண்டு முடிந்தது. இந்த ஹாலில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து கேக் தின்றுவிட்டுப் போனார்கள்.

நெட்டிலிருந்து எடுத்த விளையாட்டாம். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லையாம். அட, அவளை மனதில் வைத்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டானே! அதுதானே என் வயிற்றெரிச்சல்.

போதகர் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. எழுபது வயதுக்காரருக்காக முன்வரிசைப் பெரியவர்கள் அத்தனை பேரும் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். அனுபவம் தேவையாம். ஜெயிலுக்குப் போனவனுக்குக்கூட, அவன் மனந்திரும்பியிருப்பான் என்று ஒரு அம்மா பரிந்து பேசினாள். இவளுக்குப் பேசத்தான் ஒரு நாதி இல்லை.

நான் பேசியிருக்கலாம். அவளுக்கு இது தெரியும், அது தெரியும் என்று அடுக்கியிருக்கலாம். ஏன் அடுக்க வேண்டும்? ஒரு வாய்ச் சோறு தின்ன என் பிள்ளை தகுதிச் சான்றிதழா காட்டணும்?

"சரி, முதல்ல யாரை அனுப்பலாம்? இவங்களையா?" என்று போர்டின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினான் ஜோனத்தான்.

ஒருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலேயே கைகள் ஏறின.

காலையில் இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஜனங்கள்தான். முடிச்சூரில் தண்ணீர் ஏறியபோது பெட்டி படுக்கையோடு எங்கள் மாடியில் வந்து தங்கிய குடும்பமும் அதில் இருந்தது. அன்றைக்கு யாரை இறக்கிவிடலாம் என்று நான் ஓட்டெடுக்கவில்லை.

ஜென்சி எனக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கையைத் தூக்கினால் அவளும் தூக்குவாள். ஆராதனையில் பழகியது. இரண்டு கைகளையும் உயர்த்தி, கண்களை மூடி, "ஸ்தோத்திரம்" என்றாள்.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"சும்மா கேம்தான் ஆன்ட்டி," என்றான் ஜோனத்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

கேமாம்! ஜென்சியின் கைகளைப் பிடித்து இறக்கி மடியில் வைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவள் அப்பா எழுந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கட்டும் என்று திரும்பினேன்.

அவர் கையும் மேலே இருந்தது.

லாசரஸ். பெற்ற தகப்பன். அன்று காலையில்கூட அவளுக்குத் தலை வாரி, பின்னல் போட்டு, ரிப்பன் நிறம் பிடிக்கவில்லை என்று அவள் அழுததும் அவிழ்த்து மறுபடி கட்டிவிட்ட மனுஷன்.

சபைக் கமிட்டியில் இருக்கிறாரே, ஊரோடு ஒத்துப்போகிறாராக்கும். நல்ல பேர் கெட்டுவிடக் கூடாதாக்கும். ச்சீ, இந்த ஆளோடா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன்!

"பாருங்க, அங்கிளே தூக்கிட்டாங்க," என்றாள் எப்சி. அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"கையை எறக்குங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் இறக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. தூக்கியிருந்த கைகளை வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. இன்னொரு கை ஜென்சியின் கையைப் பிடித்திருந்தது.

"நானும் அவகூட எறங்கிடறேன் ஜோதி," என்றார். "இவங்கள நம்பியா நம்ம புள்ளைய அந்த மலையில விட்டு வைக்கச் சொல்ற?"

நானும் கையைத் தூக்கினேன்.