மீதித் தண்ணீர்

"தமிழ்நாட்டுலயே அம்மையக் கேட்டு வாங்குனவன் நான் ஒருத்தன்தான் மாப்ள!"

சொல்லிவிட்டு அவர் மாங்கொட்டையைச் சப்பினார்.

கடைசிப் பழம். மே முப்பத்தொன்று.

புது மாப்பிள்ளை சிரித்தான். இந்த வீட்டில் இந்தக் கதையைக் கேட்காதவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் ஐம்பது வருஷமாகக் கேட்கிறார்கள். வாசல் வேம்பில் உட்காரும் காக்கைகளுக்கே மனப்பாடம்.

"ஏலே, புளுகாத," என்றாள் அக்கா. செண்பகவல்லி. மாப்பிள்ளைக்கு மாமியார். மகளுக்குக் கொடுத்தனுப்ப முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மை என்ன, ரேஷன் கடைச் சீனியா, கேட்டு வாங்க? ஆத்தா அவளா வந்தா, அவளா போனா."

ஐம்பது வருஷமாக அவளும் இதையேதான் சொல்கிறாள்.

அவர் விடுவதாக இல்லை.

அந்த வருஷம் கோவில்பட்டியில் அடித்த வெயிலில் தண்டவாளம் வளைந்து, திருநெல்வேலி ரயில் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. கிணற்றில் வாளியை விட்டால் வெந்நீர். சோறு வடிக்க அடுப்பே தேவைப்படவில்லை.

அப்போதுதான் அக்காவுக்கு அம்மை போட்டது.

அவளுக்குப் பன்னிரண்டு. பின்னறையில் வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்தார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. பேச்சு பாதியானது.

அவருக்குப் பத்து. அறைக்குள் போகக் கூடாது. அவள் எச்சில் பட்ட எதையும் தொடக் கூடாது. தொட்டால் உனக்கும் வரும்.

கதவருகே நின்று, இரண்டு பேருக்கும் கேட்கும்படிதான் அம்மா சொன்னாள்.

"நான் போனேன் மாப்ள. அவ குடிச்சது போக மீதி. அரை டம்ளர் தண்ணி. எடுத்தேன். வாய் வச்சு, ஒரே மடக்கு!"

அந்த வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. அண்ணாந்துதான். இன்றைக்கும்.

"தினமும் காலைல சட்டையத் தூக்கி வயித்தப் பாப்பேன். வந்துச்சா, வந்துச்சான்னு. சரியாப் பதினாலாம் நாள்! மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டு. எண்ணுனேன். முதுகுல உள்ளது மட்டும் குத்துமதிப்பு."

மூக்கின் மேல் இருந்த குழியைக் காட்டினார். நல்ல மழையில் அதில் அரை ஆழாக்கு தண்ணீர் நிற்குமாம்.

"தெருவே படுத்துக் கெடந்துச்சு," என்றாள் அக்கா. "எல்லாருக்கும் வந்தது இவனுக்கும் வந்துச்சு."

"எதுக்கு மாமா கேட்டு வாங்குனீங்க?"

"பள்ளிக்கூடம் போகாம இருக்கத்தான்!"

மலைமேல் ஒரு விடுதிப் பள்ளி. பரீட்சை எழுதி இடம் பிடித்திருந்தார். தாலுகாவிலேயே ஒரே பையன். அவர் சொல்லும்போது இந்தியாவிலேயே ஒரே பையன். ஜூன் ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். தகரப்பெட்டி தயார். மேலே வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயர்.

பெட்டியைப் பின்னறையில் வைத்திருந்தார்கள். அக்காவின் தலைமாட்டில்.

அம்மை கண்ட பிள்ளையைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் பயணம் அனுப்புவதில்லை. அதற்குள் ஜூன் ஐந்து தாண்டிவிட்டது. இடம் அடுத்த பையனுக்குப் போனது. பெட்டிக்குள் பழைய துணி போனது.

அவர் தபால் ஆபீசுக்குப் போனார். முப்பத்தேழு வருஷம் முத்திரை குத்தினார். குத்திக் குத்தியே வலது கை நாலு விரற்கடை நீண்டுவிட்டது என்பார்.

"போயிருந்தா என்ன ஆயிருப்பீங்க மாமா?"

மாப்பிள்ளை சும்மாதான் கேட்டான்.

இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவர் வாயைத் திறந்தார். கலெக்டர் என்று சொல்லியிருக்கலாம். கலெக்டருக்கெல்லாம் கலெக்டர் என்று.

மாங்கொட்டையைப் பார்த்தார். வெளுத்திருந்தது. மறுபடியும் சப்பினார்.

அக்காவின் கை முறுக்கு டப்பாவில் அப்படியே நின்றது.

உள்ளே மகள் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஊறுகாய் பாட்டில் இடித்தது. மூடவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். மூடிவிட்டது.

ஆறு மணிக்கு ரயில். லீவு முடிந்தது. நாளை இந்நேரம் தம்பியும் தன் வீட்டுக்குப் போயிருப்பார். இந்த வீட்டில் அக்கா மட்டும்தான்.

அவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். மண்பானையில் தண்ணீர் மொண்டாள். இரண்டு வாய் அண்ணாந்து குடித்தாள். மீதியைத் தம்பியிடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். தலையைப் பின்னால் சாய்த்தார். டம்ளர் உதட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

அவள் அந்த ஒரு சாணையே பார்த்தாள்.

"நடந்துச்சு மாப்ள," என்றாள். "அவன் சொன்னது நெசந்தான்."

தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது.

"அக்கா, சும்மா இரு," என்றார். "நான் சும்மா கதை விட்டேன். ஆத்தா அவளா வந்தா. நீதான சொல்லுவ?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. சாத்தியிருந்த பின்னறைக் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கும் இப்பிடி அண்ணாந்துதான் தூக்குனான். நாந்தான், வாய் வச்சுக் குடிலேன்னு சொன்னேன்."