பின்னறையில் ஒரு கை

ஒரு வாரமாகப் பின்னறையிலிருந்து அந்தச் சத்தம். எதையோ சுரண்டுகிற மாதிரி. கர்... கர்...

வாடகைக்கு இருக்கும் தாமரை வெளியே போயிருந்தாள். விளக்கு வைத்துவிட்டு வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்த இராஜம்மா, பின்னறைக் கதவையும் தள்ளினாள்.

புகைக்கு நடுவில், மேசைமேல் ஒரு கை.

கை மட்டும்தான். மணிக்கட்டோடு முடிந்து, விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. நுனி வெளுத்த நீள நகங்கள். சுற்றிலும் வெள்ளைத் தூள். நகம் அளவுக்கு வெட்டிப் போட்ட மெல்லிய பட்டுத் துண்டுகள். மூக்கை அறுக்கும் ஒரு நெடி.

மோதிர விரல் நகம் மட்டும் குட்டையாக, நடுவில் பிளேடால் கீறியிருந்தது. பிளவில் சிவப்புக் கோடு.

"முருகா!"

அது வாணியின் விரல். போன தைப்பூசத்தில் கார் கதவில் நசுங்கி, நகம் இரண்டாகப் பிளந்து முளைத்த விரல். மகளின் அந்த விரலை இராஜம்மா நேராகப் பார்ப்பதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாணிக்கு நிச்சயதார்த்தம். இரண்டு வரன் தட்டிப்போய் மூன்றாவதாக அமைந்தது. இந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே செய்வினையா?

தாமரை வந்ததும் இராஜம்மா அவளை வாசலிலேயே மறித்தாள்.

"என் பொண்ணு உனக்கு என்னம்மா பாவம் செஞ்சா?"

"என்ன ஆன்டி?"

"அந்தக் கை! எந்த பொமோகிட்ட, எந்த மந்திரவாதிகிட்ட வாங்கினே?"

"ஐயோ ஆன்டி, அது ரப்பர் லா! செயற்கை நகம் ஒட்டிப் பழகுற கை. ஆன்லைன்ல வாங்கினேன்."

"பழகுற கையில என் மக விரல் எப்படி வந்துச்சு?"

தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க ஆன்டி."

"யாரு? பேர் சொல்லு. இல்ல, நாளைக்கே ரூமைக் காலி பண்ணு."

"நான்தாம்மா."

வேலை முடிந்து வந்த வாணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய், தன் கையை அந்த ரப்பர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதே விரல். அதே பிளவு.

"பிளந்த நகத்துல ஒட்ட மாட்டோம்னு கடையில சொல்லிட்டாங்கம்மா. பட்டு வச்சு ஒட்டினா தாங்கும்னு இவங்கதான் வீடியோ பார்த்துக் கத்துக்கிறாங்க. இதுக்கு முன்னாடி யாருக்கும் ஒட்டினதில்ல."

"முதல் தடவை பசை வழிஞ்சு என் ரெண்டு விரலும் ஒட்டிக்கிச்சு ஆன்டி," என்றாள் தாமரை. "அவங்களுக்கு வலிக்கக் கூடாதே, அதான் ரப்பர்ல அதே மாதிரி கீறி, சிவப்பு தடவி, தேய்ச்சுத் தேய்ச்சுப் பழகுறேன்."

இராஜம்மாவின் குரல் இறங்கியது. ஆனாலும் விடவில்லை. "மாப்பிள்ளைகிட்ட மறைக்கிறியா? தப்பில்லையாடி?"

"அவருக்கு அப்பவே தெரியும்மா. அவருக்காக இல்ல."

"பின்ன யாருக்காக?"

வாணி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மோதிரம் போடறப்ப நீங்க இந்த விரலைப் பார்த்துத்தானே ஆகணும். அன்னைக்குக் கார் கதவைச் சாத்தினது நீங்கன்னு, அந்த ஒரு நாளாவது உங்களுக்கு ஞாபகம் வரக் கூடாதும்மா."