இன்னைக்கு எந்தக் கால்?

"இன்னைக்கு எந்தக் கால்?" என்று கேட்டாள் வெள்ளைக் கோட்டுக்காரி.

கல்லூரி வாலிபால் அணியில் 'ஏணி' என்று பெயர் வாங்கியிருந்த அந்த நெட்டையன், தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டான். போன தடவை எந்தக் காலால் நொண்டினோம் என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

"இடது, டாக்டர்."

"போன தடவை வலதுன்னு சொன்னீங்க."

"வலி... இடம் மாறிடுச்சு டாக்டர்."

அவள் சிரிக்கவில்லை. பழுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தை உற்றுப் படித்துவிட்டுப் பேண்டேஜ் சுருளை எடுத்தாள். அந்தப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு சுற்றுகூடச் சுற்ற மாட்டாள். என்ன பொறுப்பு, என்ன படிப்பு என்று ஏணிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் கோட்டின் கைப்பக்கம் மஞ்சளாக ஒரு கறை. எத்தனை பேர் காயத்துக்கு மருந்து போட்ட கையோ என்று அதையும் பார்த்து உருகினான்.

மைதானத்தின் ஓரத்தில் இருந்தது அந்தச் சிகிச்சை அறை. ஒரு கட்டில், ஒரு ஐஸ் பெட்டி, ஊரையே தும்மவைக்கும் களிம்பு வாசனை. ஏணிக்கு மட்டும் அது பூந்தோட்டம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி நிரம்பி வழிய ஒரு பருத்த மனிதர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "டாக்டர் உள்ள இருக்காங்களாண்ணே?" என்று கேட்டால், "இருக்காங்க, இருக்காங்க. போய்ப் பாருப்பா" என்று மீசைக்குள் சிரிப்பார்.

சீசன் தொடங்கியபோது கால் நிஜமாகவே லேசாகப் பிசகியது. அன்று இவள்தான் கட்டுப் போட்டாள். கால் சீக்கிரமே சரியாகிவிட்டது; ஏணிதான் சரியாகவில்லை. அதன்பின் முழங்கால், தொடை, இடுப்பு, தோள் என்று மனித உடம்பில் வலிக்க இடமே தீர்ந்துபோய், மறுபடியும் காலிலிருந்து ஆரம்பித்திருந்தான்.

"டாக்டர், ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க." புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சனிக்கிழமை ஃபைனல். கோச் என்னை நம்ப மாட்டேங்கறாரு. 'எப்பப் பாத்தாலும் காலைத் தலையணையில சொருகின மாதிரி கட்டோட வர்றே. பிசியோதெரபி டாக்டர் நீ ஃபிட்டுன்னு சொல்லட்டும், இல்லேன்னா பெஞ்சைத் தேய்'ன்னுட்டாரு. இப்ப இங்கதான் வந்துட்டிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"நானா?"

"பின்ன யாரு? நீங்கதானே பாக்கறீங்க."

"அது என்னால முடியாது. வேற எது வேணா கேளுங்க."

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான் ஏணி. ஒரு பொய்யனுக்காகப் பரிந்து பேச அவளுக்கு மனசு வரவில்லை. எட்டு வயதிலிருந்து கனவு கண்ட ஃபைனல் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

"உண்மையைச் சொல்லிடறேன். எனக்குக் கால் வலியே இல்ல. அது எப்பவோ போயிடுச்சு. உங்களைப் பாக்கத்தான் வந்துட்டிருந்தேன். ஃபைனல் போனா போகட்டும், நீங்க மட்டும் கோவிச்சுக்காதீங்க."

அவள் பேண்டேஜின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள் கடைசியில்.

"தெரியுமா? தெரிஞ்சுமா கட்டுப் போட்டீங்க?"

பதில் வருவதற்குள் கோச் வந்துவிட்டார். அவர் வாயைத் திறந்தால் பக்கத்து மைதானத்தில் ஆட்டம் நின்றுவிடும். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது.

"எந்தப் பிசியோய்யா உன்னைப் பாக்கறது?"

ஏணி துள்ளி எழுந்தான். கட்டின் ஒரு முனை அவிழ்ந்து பின்னால் வாலாக இழுபட்டது. அவளைக் கைகாட்டி, "இவங்கதான் சார். நீங்களே கேளுங்க" என்றான்.

கோச் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கட்டைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "சார், கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.

குறுக்கெழுத்தை மடித்துவைத்துவிட்டுப் பருத்த மனிதர் உள்ளே வந்தார்.

"நீங்க சொல்லுங்க சார். இவன் சனிக்கிழமை ஆடலாமா?"

"தாராளமா ஆடலாம்" என்றார் பிசியோ. "காலு இரும்புத் தூணு. அந்தக் கட்டைப் பிரிச்சுப் போட்டாப் போதும், அதனாலதான் நொண்டறான்."

"இதை யாரு கட்டினது?"

"கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம். அன்னைக்கு லேப்ல விரலைச் சுட்டுக்கிட்டு, கோட்டைக்கூடக் கழட்டாம வந்து எனக்காக உக்காந்திருந்துச்சு. நான் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள, நம்மாளு டாக்டர்னு கூப்பிட்டுக் காலை நீட்டிட்டான். விரல் ஆறி எத்தனையோ நாளாச்சு. இன்னும் என் ரூமுக்கு வெளியதான் நான் உக்காந்திருக்கேன்."

"கட்டுப் போட எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று கோச் அவளைக் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொள்ள, பிசியோ கட்டிலில் கிடந்த தடித்த புத்தகத்தை எடுத்துப் பழுப்பு அட்டையை உருவினார்: முன்பக்கத்தில் காலில் கட்டோடு ஒரு வாலிபால் வீரன், அவன் தோளில் சாய்ந்தபடி வெள்ளைக் கோட்டில் ஒரு பெண், மேலே கொட்டை எழுத்தில் 'புத்தம் புதிய கல்லூரிக் காதல் நாவல்'.