மீசை வைத்த இளவரசி

"மாப்ளே, படத்தைப் பத்தி மட்டும் இன்னைக்கு வாயைத் திறந்துராதேயும்!"

மாட்டுங்கா தியேட்டர் வாசலில் சொரிமுத்து கும்பிடாத குறையாகச் சொன்னான். குர்லா பட்டறையில் அவனும் பஞ்சுவும் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நிற்பவர்கள். எந்தப் படம் பார்த்தாலும் மறுநாள் அதன் கதையைப் பஞ்சு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவான். அவன் வாய்க்குப் பயந்து மற்றவர்கள் அவனுக்கு முன்பே படம் பார்த்துவிடுவது வழக்கம்.

"அது கெடக்கட்டும். பூமாரி என்ன சொல்லுதா?" பஞ்சுவுக்கு அது ஒன்றுதான் கவலை.

"எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம். என் தங்கச்சிதான் இன்னும் தலையாட்டலை. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அம்மா 'தலையைக் குனிடி, குனிடி'ன்னு சொன்னதுல உம்ம கால் பெருவிரலைத்தான் பாத்தாளாம். ஆளு பேசிக் கேட்ட பெறவுதான் முடிவுன்னுட்டா. உள்ளே உக்காந்திருக்கா. பாத்துப் பேசும்!"

அன்றைக்குத் தாராவி வீட்டில் பஞ்சு பார்த்ததும் ஒரு நேர்வகிட்டையும் ஒரு முழம் கனகாம்பரத்தையும்தான். அதற்கே அவன் மனசு சொக்கிக் கிடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே, "நம்ம பிள்ளைதான்" என்று சொரிமுத்து கை காட்டிய இடத்தில் ஒரு நீலச் சேலை. தலையில் கனகாம்பரம். பஞ்சு பக்கத்து சீட்டில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தான்.

ஜப்பான்காரன் கையால் வரைந்து எடுத்த படம். சித்திரங்களே ஓடின, அழுதன, வாள் சுழற்றின. மேலே இந்தியில் பேச்சை ஒட்டியிருந்தார்கள்.

முன்சீட்டில் மராட்டிக்காரி மாதிரி ஒருத்தி, முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் பாதியைக் காணோம்.

"ஏ பாயி, ஜரா சிர் நீச்சே கரோ!" என்றான் பஞ்சு.

அவள் திரும்பாமலே தலையைக் குனிந்துகொண்டாள்.

இடைவேளை விட்டதும் சொரிமுத்து டீ வாங்கப் போனான்.

"படம் எப்படி?" என்றாள் நீலச் சேலை.

"நல்லா வரைஞ்சிருக்கான்."

"கதை?"

பஞ்சு நாக்கைக் கடித்துக்கொண்டான். "கதை... வந்து... இருக்கு."

"என்ன இப்படிச் சொல்லுதிய? கதை ஏக்தம் ஃபஸ்ட் க்ளாஸ்லா!"

அவ்வளவுதான். பஞ்சுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"எது, இதுவா? மழையைச் சொட்டுச் சொட்டா வரைஞ்சிருக்கான், ஒத்துக்கிடுதேன். கதை எழுதினவன் தூங்கிட்டாம்லா! சண்டையில அடிக்கிறதுக்கு முன்னால, அந்த அடிக்கு என்ன பேருன்னு கத்திச் சொல்லிட்டு அடிக்கான். எதிராளி விலகிக்கிட மாட்டானா? வில்லன் வயித்துல வாளு பாதி இறங்கிட்டு. அப்பப் போயி சின்ன வயசுல அம்மா செத்த கதையைச் சொல்லுதான். குத்தினவனும் வாளைப் பிடிச்சுக்கிட்டே 'உம்' கொட்டுதான்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஞ்சுவுக்கு உற்சாகம் ஏறியது.

"அதைக்கூட விட்ரலாம். அந்தப் பூனை? இளவரசியோட பட்டு உடுப்பையும் கொண்டை ஊசியையும் மாட்டிக்கிட்டுப் பல்லக்குல ஏறிருது. கதாநாயகன் அதை இளவரசின்னு நம்பி அதுகூட மலை ஏறுதான், ஆறு தாண்டுதான், காதல் பாட்டு வேற! நெசமான இளவரசி பந்தம் பிடிச்சுக்கிட்டு முன்னாலயே நடக்கா. அவளைப் பாத்து 'தள்ளி நட'ங்கான்! பூனைக்கு மீசை இருக்கு, இவனுக்குக் கண்ணு இல்ல. கொண்டை ஊசியப் பாத்தா பொண்டாட்டியக் கண்டுபிடிக்கது?"

முன்சீட்டுக்காரியின் தோள்கள் குலுங்கின. தமிழ் தெரியாதவளுக்கு என்ன சிரிப்பு என்று பஞ்சுவுக்கு எரிச்சலாக வந்தது.

"ஒருவேளை, முன்ன அவளைச் சரியாப் பாத்திருக்க மாட்டானோ என்னமோ?" என்றாள் நீலச் சேலை.

"சரியாப் பாக்காம எப்படிக் கட்டிக்கிடுதேன்னு சொன்னான்? கதைன்னா நம்புத மாதிரி இருக்கணும். என்னையே வச்சுப் பாரு. சேலையை மாத்து, பூவை மாத்து, இருட்டுல உக்கார வை. நான் பாத்த பொண்ணு யாருன்னு அடுத்த நிமிசம் சொல்லிருவேன்!"

டீயும் படாட்டா வடையுமாக வந்து நின்ற சொரிமுத்துவின் காதில் கடைசி வரி விழுந்தது. "கெட்டது குடி! நான்தான் வாயைத் திறக்காதேயும்னு சொன்னேன்லா வே!"

பஞ்சுவுக்கு அப்போதுதான் சுரீர் என்றது. வந்த வேலை கெட்டதோ?

"பூமாரி, நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். படம் நல்ல படம். கதையும் நல்ல கதை. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாம, சம்மதமா இல்லையான்னு நீயே உன் வாயால சொல்லிரு."

நீலச் சேலை கையை நீட்டி முன்சீட்டுக்காரியின் தோளைத் தட்டினாள். "அக்கா, ஒங்கிட்டதான் கேக்காவ."

முன்சீட்டுக்காரி முந்தானையைச் சரியவிட்டுத் திரும்பினாள். அந்த நேர்வகிடு மட்டும் பஞ்சுவுக்குத் தெரிந்ததாக இருந்தது.

"சம்மதந்தான். ஆனா இனிமே என்னைக் குனியச் சொல்லப்படாது" என்றாள் பூமாரி. "ஒங்க பக்கத்துல இருக்க பூனை என் தங்கச்சி ஆறுமுகத்தாய். அதை விட்டுட்டு முன்னால வந்து உக்காருங்க, இளவரசே!"