தூதருக்குத் தமிழ் வராது

கதிரேசன் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் ஆரம்பித்ததும், முன்வரிசையில் இருந்த சென்னியம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது.

கூடப் பிறந்த தம்பி. ஏழெட்டு நாட்டில் இந்தியத் தூதராக இருந்து ஓய்வு பெற்று வந்திருக்கிறான். அவிநாசிப் பக்கம் அவன் படித்த பள்ளிக்கூடத்திலேயே பாராட்டு விழா. "எந்தச் சீமைக்குப் போனாலும் எந்தம்பி பேச்சு நம்மூருப் பேச்சுதானுங்க" என்று ஒரு வாரமாக வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங்கக்கா, தொரைக்குத் தமிழ் வராதுங்களா?"

அவள் திரும்பவில்லை. நேற்றே ஒரு வருத்தம் மனசில் கிடந்தது. இதே பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை காலி. அவர்கள் தெருப் பிள்ளை இளவேனில் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு நடையாய் நடக்கிறாள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு என்ன இங்கிலீஷ் வரும் என்று தாளாளர் வெங்கடபதி இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை சொல்லேன் கண்ணு என்று தம்பியிடம் கேட்டாள். சிபாரிசு பண்ணும் பழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டான்.

இப்போது இது வேறு.

கூட்டம் முழிப்பதைப் பார்த்துக் கதிரேசன் பேச்சை நிறுத்தினான். யாராவது தமிழில் சொன்னால் தேவலை என்று தாளாளர் காதில் சொன்னான். தாளாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் தன் செருப்பைப் பார்த்தார்.

சென்னியம்மாள் பக்கத்தில் இருந்த இளவேனிலை இடித்தாள். "நீ போ அம்மணி. மானம் போவுது."

இளவேனில் தயங்கித் தயங்கித்தான் ஏறினாள். ஆனால் மைக் கைக்கு வந்ததும் நின்று பேசினாள். முதன்முதலாக ஒரு நாட்டு ராஜாவைப் பார்க்கப் போனதைக் கதிரேசன் சொல்ல, அவள் அதை ஊர்ப் பேச்சில் சொன்னாள்.

"உங்கப்பா என்ன பண்றாருன்னு ராஜா கேட்டாருங்களாம். எங்கய்யன் அடுத்தவங்க காட்டுல கூலிக்கு ஏர் ஓட்டுறாருங்க, அவரு ஓட்டுன சால் ஒருநாளும் கோணாதுங்கன்னாராம். ராஜா எந்திரிச்சு நின்னு கை குடுத்தாருங்களாம்."

கைதட்டல் நிற்கவில்லை. சென்னியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'தொரை' என்று கேட்டவனை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

விழா முடிந்ததும் தாளாளர் தலைமையாசிரியரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "இந்தப் புள்ளையவா வேண்டாம்னோம்? திங்கக்கிழமையே வேலைக்கு வரச் சொல்லுங்க."

காரில் ஏறியும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. "நல்லது நடந்துச்சு, செரி. ஆனா உனக்குப் பேச்சு மறந்துபோச்சுன்னு ஊரே சிரிச்சுதே கண்ணு?"

கதிரேசன் மாலையைக் கழற்றி அக்கா மடியில் வைத்தான்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கக்கா. சிபாரிசுல வந்தவள்னு அந்தப் புள்ளையப் பாத்து நாளைக்கு ஒருத்தரும் சிரிக்க முடியாதுங்களே."