ஒரு பெட்டிக்கு இரண்டு முதலாளிகள்

ஒரு நூல் கம்பெனியில் செர்வர் பெட்டி ஒன்று இருந்தது. அந்த ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் குடியிருந்தன. ஒன்று கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டது, மற்றது குடோனை. ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது.

"இது என் பெட்டி" என்று கணக்கு சிஸ்டம் தினமும் காலையில் அதிகாரமாகச் சொல்லும்.

"ஆமாங்க முதலாளி" என்று பெட்டி பணிவாகச் சொல்லும்.

"மொத்தப் பெட்டியும் எனக்குத்தானே?" என்று குடோன் சிஸ்டம் கேட்கும்.

"உங்களுக்கில்லாம வேற யாருக்குங்க முதலாளி?"

பெட்டிக்குள் சுற்றும் ஃபேனுக்குப் பொறுக்காது. "ரெண்டு பேர்கிட்டயும் இப்படிப் புளுகுறியே அண்ணே!"

"அட, நெனச்சுட்டுப் போகட்டும் தம்பி" என்று பெட்டி சிரிக்கும். "நான் ஒரு நாள் இல்லாமப் போகட்டும். யாரு யாரைச் சுமந்தாங்கன்னு அன்னைக்குத் தெரியும். ரெண்டு பேரும் அலறிடுவாங்க, பாரு!"

ஃபேன் அதை நம்பியது. பெட்டி அதைவிட நம்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் புதுப் பெட்டி ஒன்றோடு வந்தார். இரண்டு சிஸ்டங்களையும் அப்படியே அதற்கு மாற்றினார். பழைய பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அதைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை, பழைய பெட்டி அந்த அலறலுக்காகக் காத்திருந்தது.

"இது என் பெட்டி" என்றது கணக்கு சிஸ்டம், எப்போதும்போல.

"ஆமாங்க முதலாளி" என்றது புதுப் பெட்டி.

மூலையிலிருந்து பழைய பெட்டியும் அதையேதான் சொன்னது. அது ஃபேனுக்கு மட்டும்தான் கேட்டது.