முப்பது எண்ணும் வரை

வீடு வீடாகப் போய் வேதம் சொல்லும் ஊழியத்தில் கதவு தட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மூன்று தட்டு தட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் மிரளாதபடி இரண்டு படி இறங்கி நிற்க வேண்டும். முப்பது எண்ணியும் யாரும் வராவிட்டால், குறிப்பேட்டில் 'பூட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

இந்தத் தெருவில் இரண்டு வருடம் ஊழியம் செய்தேன். கடைசி வீடு மட்டும் எப்போதும் 'பூட்டு'தான். அந்த ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால், இருபது வருடம் கழித்து மனைவியோடு திரும்பி வந்தேன்.

"பூட்டின வீட்டைப் பார்க்க பஸ் ஏறி வந்த ஒரே ஆள் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, மனைவி தண்ணீர் வாங்கக் கடைக்குப் போனாள்.

நான் தட்டினேன். நான்கு எண்ணுவதற்குள் ஒரு பெண்மணி கதவைத் திறந்தார்.

"வாங்க ஐயா. இப்பவாவது கண்ணு தெரியுதே!"

"நான் வந்தப்பல்லாம் நீங்க வீட்ல இல்லையேம்மா."

"நல்லா இருக்கே கதை! வாரா வாரம் கதவைத் திறந்து வாங்கன்னுதான் சொன்னேன். நீங்க என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு, என்னமோ எழுதிட்டுப் போயிடுவீங்க."

எனக்கு வருத்தமோ பயமோ வரவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது.

மனைவி தண்ணீர் பாட்டிலோடு படியேறி வந்தாள்.

"உள்ளே வா" என்றேன்.

அவள் வெறும் காற்றில் மூன்று முறை தட்டினாள். மரத்தில் தட்டிய சத்தம் கேட்டது. நான் கற்றுக்கொடுத்தபடியே இரண்டு படி இறங்கி நின்று, என் முகத்தையே பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள்.

நானும் கூடவே எண்ணினேன்.